பழைய போர்வையில் ஒரு குளிரங்கி

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழிப் பனி தொடங்கிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கூரைகளைப் பறித்தபோது, உலர்ந்த போர்வையொன்றின் அருமையை நாம் உணர்ந்தோம். ஓரிரு மாதக் குளிருக்காகக் கம்பளிச் சட்டை வாங்குதல் எல்லாக் குடும்பங்களுக்கும் இயலுவதன்று. சாக்கை மடித்துக் கொங்காணியாக்கி மழையில் நாற்று நட்டவர் நம் முன்னோர். தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைமக்களோ, தலை நுழையப் பிளவு விட்ட 'போஞ்சோ' என்னும் துணியை அணிவர். அதற்குக் கையும் வேண்டா, பொத்தானும் வேண்டா.

8 வயதுப் பிள்ளைக்குப் பழைய பருத்திப் போர்வையில் 40 அங்குலச் சதுரம் வெட்டுவோம். இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவே 10 அங்குலம் கத்தரிப்போம். அப்பிளவின் மையத்திலிருந்து முன்பக்கம் 3 அங்குலம் கீழே வெட்டினால் தலை எளிதில் நுழையும். வெட்டிய விளிம்புக்கு வேட்டித் துணியால் பட்டி வைத்துத் தைக்க வேண்டும். பிளவின் முனைகளில் கூடுதலாக நான்கைந்து தையல் இடுக; இன்றேல் அங்கிருந்தே கிழியும். ஓரங்களை மடித்துத் தைத்து, இடுப்பளவில் இருபுறமும் நாடா வைத்தால் அங்கி முடிந்தது.

இதனை அணிந்து அடுப்பருகே செல்லலாகாது; தொங்கும் துணியில் தீ எளிதில் பற்றும். மழைக்கும் இது ஆகாது. நனைந்த பருத்தி உடற்சூட்டைப் போக்கிவிடும்.

60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள போர்வையில் இரண்டு அங்கிகள் தேறும். ஒன்று நம் பிள்ளைக்கு. மற்றது அண்டை வீட்டுப் பிள்ளைக்கு.