இடக்கை எழுத்து

சென்ற மாதம் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் கட்டுரையொன்றுடன் என்னிடம் வந்தார். நாட்டின் அரசியலையும் சமயத்தையும் ஒருங்கே திருத்த முற்பட்ட கட்டுரை அது. "ஐயா, பத்திரிகைக்கு அனுப்பமுன் ஒருக்கால் பார்த்துத் தாருங்கள்" என்றார். படித்தேன். சினம் மிக்கிருந்தது, செய்தி குறைந்திருந்தது. அதனாலே ஆங்கிலக் கவிஞர் மில்டனின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன்.

மில்டன் கேம்பிறிட்ஜிலே 1632 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். குருப்பணிக்கென வளர்க்கப்பட்டவர், எனினும் அன்றைய திருச்சபையின் ஆட்சிமுறை மனத்துக்கு ஒவ்வாமையின் அதனை விடுத்தார். வேறு தொழிலும் தேடினாரல்லர். தந்தையார் இல்லத்திலே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கிரேக்க, இலத்தீன் நூல்களையும் வரலாற்றையும் கற்றுக்கொண்டிருந்தார். (நம்மூரில் இப்படியொரு பிள்ளை இருந்தால் அயலார் சும்மா இருப்பரோ!) 1637 இல் இயற்றிய 'லிசிடாஸ்' என்னும் இரங்கற்பாவிலே, மந்தையைப் பேணாத மேய்ப்பரைக் கடிந்தார்.

1638 இல் இத்தாலிக்குச் சென்றார். சமய விசாரணை மன்றின் தண்டனைக்குள்ளாகிக் காவலிலிருந்த முதியவர் கலிலியோவை அங்கே கண்டதாக அவரே பின்னர் எழுதினார். நாட்டிலே பூசல் மூண்டமை கேட்டு 1639 இல் மீண்டார். 1641 இல், பட்டம் பெற்று ஒன்பது ஆண்டு கழிந்தபின்னரே, பிஷப்புமாரின் ஆட்சியை எதிர்த்து முதற் பிரசுரம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு முடியுமுன் மேலும் நான்கு. உரைநடை எழுதுதல் தமக்கு இடக்கை வேலை போன்றதென்று அவற்றுள் ஒன்றிலே ஒப்புக்கொள்கிறார்.

யான் வியப்பது 1644 இல் வந்த 'அரியோபஜிட்டிக்கா'வையே. நூலை அச்சிடுமுன் அனுமதி பெறவேண்டுமென 1643 இல் கட்டளையிட்டது மன்னரன்று; மில்டன் சார்ந்து நின்ற பாராளுமன்றமே. தம் பக்கத்தாரைத் தாமே மறுத்தார். அந்நூலையும் அனுமதியின்றியே வெளியிட்டார். அத்துணிவு ஆறாண்டுக் கல்வி தந்தது என்பது என் துணிபு. குறையும் உண்டு. அவ்வுரிமையைக் கத்தோலிக்கருக்கு அவர் வழங்கினாரல்லர். 1651 இல் அரசாங்கச் செய்தித்தாளுக்கு அனுமதியளிக்கும் பணியைத் தாமே ஏற்றார்.

வலக்கை வேலையோ காத்துக்கிடந்தது. 1652 இல் பார்வை முற்றாக அற்றது. 'இழந்த சுவர்க்கம்' வெளிவந்தது 1667 இல்.

எல்லாவற்றையும் கேட்டிருந்த மாணவர், "அவருக்குத் தகப்பனாரின் பணம் இருந்தது, ஐயா. எனக்கு இரண்டு தங்கைமார்" என்றார்.

மறுமொழி சொல்ல எனக்கு வாய் எழவில்லை. கட்டுரையை மேசைமேல் விட்டுச் சென்றுள்ளார். இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறேன்.