எண்ணியற் கருவிக்கு ஒரு கையேடு

1644-ஆம் ஆண்டில் மெர்சென் என்னும் பிரெஞ்சு நாட்டுத் துறவி ஒருவர், பெரிய பகா எண்கள் சிலவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையினின்றும் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் எண் கிடைக்கும். இதுவும் பகா எண்ணே என்பது அவர் கூற்று. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1876-இல் லூக்கா என்னும் அறிஞர் அது பகா எண் அன்று என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் இவை என அவருடைய முறை காட்டவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் என்பவரே 193707721, 761838257287 என்னும் இரு காரணிகளையும் கண்டு கூறினார்.

கோல் அரிதின் முயன்று கண்ட விடையை இன்று கணிப்பொறி கண்ணிமைக்கும் பொழுதில் தந்துவிடுகின்றது. அத்தகைய பணிக்கென்றே அமைந்த மென்பொருள்களுள் ஒன்று ‘பாரி’. பிரான்சு நாட்டின் போர்தோ நகர்ப் பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோஎன் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் இதனை உருவாக்கினர். பெயரைக் கேட்டவுடன் பறம்புமலை வள்ளல் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. அவனுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. எனினும், இப்பாரியும் விலை கொள்ளாமல் வழங்கப்படுவதே!

இத்தகைய கருவிகளைக் கணித அறிஞர்களும் மாணவர்களுமே நெடுங்காலம் கையாண்டு வந்தனர். இப்பொழுது செயற்கை அறிவு முகவர் என்னும் புதிய பயனாளியும் வந்துள்ளது. இது மனிதர் தரும் வினாவைப் படித்து, அதற்கேற்ற கட்டளையைத் தானே எழுதிக் கருவிக்கு அனுப்பும். வரும் விடையைக் கொண்டு அடுத்துச் செய்வதனைத் தானே முடிவு செய்யும். இவ்வாறு பத்துப் பதினைந்து படிகள் மனிதர் பார்வை படாமலே நடந்துவிடக்கூடும். ஆதலின், கருவியின் கையேட்டை எழுதுவோர்க்குப் பொறுப்பு முன்னினும் மிகுந்துள்ளது.

கையேட்டில் எழுதாது விட்டவற்றை மனிதர் தம் பயிற்சியால் உணர்ந்துகொள்வர். ஐயம் எழுந்தால் அறிந்தாரை வினவுவர். முகவரும் விடுபட்ட இடத்தை நிரப்பவே முயலும். ஆனால், அது பல கணிப்பொறி மொழிகளைக் கற்றது. ஒன்றன் வழக்கத்தை மற்றொன்றில் புகுத்திவிடுதல் உண்டு. கூரை வடிவமான ஒரு குறி பாரியில் அடுக்கைக் குறிக்கும். 2-க்கும் 67-க்கும் இடையே அதனை இட்டால் மேற்கூறிய பேரெண்ணினும் ஒன்று மிகுந்த எண் கிடைக்கும். பைத்தான் என்னும் மொழியிலோ அக்குறிக்குப் பொருளே வேறு. அங்கே அதே தொடரை எழுதினால் விடை 65 என வரும். பிழை நேர்ந்தது என்று எந்த எச்சரிக்கையும் எழாது! பாரியில் பட்டியலின் முதல் உறுப்பு ஒன்றாம் எண்ணுடையது. பைத்தானில் அது சுழியாம் எண்ணுடையது. இவை சிறு செய்திகளே. கையேட்டில் இவற்றிற்கு ஒவ்வொரு வரி போதும்.

இவற்றினும் நுட்பமானது, விடையின் உறுதியைப் பற்றிய செய்தி. ஃபெர்மா என்னும் அறிஞர் பகா எண்களுக்குரிய ஒரு பண்பைக் கண்டார். 7 என்னும் பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனினும் ஒன்று குறைவாக, ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64 ஆகும். 64-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டு நீங்கலாகப் பகா எண்கள் அனைத்திற்கும் இது பொருந்தும். அங்ஙனமாயின், மீதி 1 என வரும் எண்ணெல்லாம் பகா எண் ஆகுமா? ஆகாது. 341-ஐ நோக்குக. பத்து இரண்டுகளின் பெருக்கமாகிய 1024-ஐ 341-ஆல் வகுத்தாலே மீதி 1 ஆதலின், 340 இரண்டுகளின் பெருக்கத்திற்கும் மீதி 1 ஆகின்றது. ஆனால் 341 என்பதோ 11-ஐ 31-ஆல் பெருக்கி வந்த எண்! இவ்வாறு பகா எண்ணின் வேடம் பூண்டு நிற்பனவற்றைப் போலிப் பகா எண்கள் என்பர்.

பாரியில் பகா எண்ணை ஆராய இரு கட்டளைகள் உள்ளன. ‘இஸ்பிரைம்’ என்பது நிறுவலோடு கூடிய விடை தருவது. ‘இஸ்சூடோபிரைம்’ என்பது விரைவாகச் சோதித்துக் கூறுவது. இதன் சோதனை ஃபெர்மாவின் சோதனையினும் வலியது. அறுபத்துநான்கு இரண்டுகளின் பெருக்கத்திற்கு உட்பட்ட எண்களில் இது பிழைபடாது என்பது உறுதிசெய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பாலும் இதனை ஏமாற்றிய எண் ஒன்றேனும் இதுவரை அகப்படவில்லை. அகப்படவே மாட்டாது என்று எவரும் நிறுவியதும் இல்லை.

இரு கட்டளைகளும் ‘ஆம்’ என்பதற்கு 1 என்றே விடை தருகின்றன. அதனை மட்டும் கண்ட முகவர் இரண்டும் ஒன்றே எனக் கொள்ளுதல் கூடும். விரைவு கருதி இரண்டாவதைத் தேர்ந்து, பெற்ற விடையை ஒரு தேற்றத்தின் நிறுவலில் வைத்துவிட்டால், அந்நிறுவலில் ஒரு படி அடித்தளம் இன்றி நிற்கும். படிப்போர்க்கு அது தெரியவும் தெரியாது. ஆகவே, ‘0 எனின் உறுதியாகப் பகா எண் அன்று; பேரெண்களில் 1 எனின் பகா எண்ணாதல் பெரிதும் கூடும், ஆனால் நிறுவப்பட்டதன்று’ என்று கையேடு வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். காரணிப்படுத்தும் கட்டளைக்கும் இவ்வெச்சரிக்கை உண்டு. தனியே கேட்டாலன்றி, அது தரும் பெரிய காரணிகளும் விரைவுச் சோதனையில் மட்டும் தேறியவையே. உயர்நிலைக் கணக்குகள் சிலவற்றின் விடைகளோ, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோளின் பொதுவடிவை மெய்யெனக் கொண்டே பெறப்படுகின்றன. அவற்றை அக்கருதுகோளின் துணையின்றி உறுதிப்படுத்தத் தனிக் கட்டளை உண்டு. அதன் பெயர், கணக்கிடும் கட்டளையின் விளக்கத்திலேயே இடம்பெறுதல் நலம். வேறு பக்கத்தில் இருப்பின் முகவர் அதனைக் காணாமலே போய்விடலாம்.

எச்சரிக்கை அனைத்தையும் எழுதப் புகுந்தால் கையேடு பெருகுமே எனலாம். உண்மையே. பாரியின் கையேடு இப்பொழுதே நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. முகவர் ஒரு வேளையில் மனத்திற்கொள்ளக்கூடிய எழுத்தின் அளவிற்கோ எல்லை உண்டு. இதற்குப் பாரியிலேயே ஒரு வழி முன்னரே அமைந்துள்ளது. வினாக்குறி ஒன்றை இட்டு ஒரு கட்டளையின் பெயரை எழுதினால், அதன் சுருக்கம் திரையில் தோன்றும். வினாக்குறி இரண்டு இட்டால், கையேட்டில் அக்கட்டளைக்குரிய பகுதி மட்டும் முழுமையாக வரும்.