புதிய மீனும் தனித்தொட்டியும்

மார்கழி மாதத்தில் பெங்களூர்ப் பள்ளியொன்றின் கண்ணாடித் தொட்டியில், ஓராண்டாக நலமுடன் வாழ்ந்துவரும் தங்கமீன்களோடு, அன்று கடையில் வாங்கிய இரண்டு புதிய மீன்களையும் சேர்த்து விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் செல்வதற்குள் புதிய மீனின் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. பின்னர்ப் பழைய மீன்களும் கூழாங்கற்களில் உடலை உரசுகின்றன. செவுள்கள் விரைந்து அசைகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அவை மடிகின்றன. ஆசிரியர் தண்ணீரைக் குறை கூறுவார். மாணவர் தீனியைக் குறை கூறுவர். புதியவற்றைப் பழையவற்றோடு அன்றே கலந்துவிட்டதுதான் பிழை என்பதை நினைப்பார் சிலரே.

நோய் உண்டோ என்று ஐயுறத்தக்கவரைச் சில நாள் ஒதுக்கி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, பரிசோதனைக்குப் பின்னரே அனுப்பப்பட்டனர். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம், 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை, அதே மண்டபத்தில்தான் இருந்தது. மனிதருக்கென வகுத்த அந்த விதி மீனுக்கும் அப்படியே பொருந்தும்.

மேலே கூறிய வெண்புள்ளி நோயை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி. 1876-இல் பூக்கே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்தார். இதன் வாழ்வு மூன்று நிலைகளை உடையது. முதல் நிலையில் அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி அதுவே. முதிர்ந்தபின் தோலைத் துளைத்து வெளிவந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு உறை பூண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. மூன்றாம் நிலையில் அக்குஞ்சுகள் நீரில் நீந்தி வேறு மீனைத் தேடுகின்றன. ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிடின் அவை மடிகின்றன.

இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. நீரில் இடும் மருந்து, தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியையோ உறைக்குள் இருப்பதையோ எளிதில் கொல்லாது. நீந்தித் திரியும் குஞ்சையே கொல்லும். ஆகவே ஒரு நாள் மருந்திட்டு, புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணுவது தவறு. ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கியிருக்கிறதேயன்றி ஒழிந்துவிடவில்லை.

இச்சுற்று எத்தனை நாளில் முடியும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு வாரத்துக்குள் முடிவது, 15 டிகிரியில் சுமார் பத்து நாள் முதல் இரு வாரம்வரை நீளும். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களின் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த மீன், பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில் இரவுப் பயணம் செய்து இக்குளிருக்கு வந்து சேரும்போது, அதன் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. பயணக் களைப்பும் குளிரும் சேர்ந்த நிலையில், அதுவரை அடங்கியிருந்த நோய் தலைதூக்குகிறது. சென்னையில் போதுமான காவற்காலம் பெங்களூர்க் குளிர்காலத்தில் போதாது. நான்கு வாரம் எனக் கொள்வதே நன்று. இடையில் மற்றொரு புதிய மீனைச் சேர்த்தால் நாட்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தனித்தொட்டிக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மணலும் அலங்காரமும் இல்லாத சிறு தொட்டி, காற்றுக்குழாய், மீன் ஒளிந்துகொள்ள ஒரு மண்குடுவைத் துண்டு, வெப்பமானி ஆகியவை போதும். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் நற்கிருமிகள் தேவையாதலால், பஞ்சு வடிகட்டி ஒன்றைச் சில வாரங்கள் முன்னரே பெரிய தொட்டியில் இயக்கிவைத்து, பின்னர் மாற்றிக்கொள்ளலாம். பெங்களூருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் குளோரின் கலந்தது; அதைக் காற்றோட்டத்துடன் ஒரு நாளாவது வைத்திருந்தோ, சோடியம் தயோசல்பேட் இட்டோ பயன்படுத்துக. வலை, வாளி ஆகியவற்றைத் தனித்தொட்டிக்கென்றே ஒதுக்குதல் வேண்டும். ஈரமான வலை ஒன்றே நோயைக் கடத்தப் போதும். நாள்தோறும் பழைய தொட்டியை முதலிலும் தனித்தொட்டியைப் பின்னரும் கவனித்துக் கைகழுவுக.

மருந்தைப் பற்றி ஒரு சொல். நோய் இன்னதென்று அறியுமுன் பல மருந்துகளைக் கலந்திடுதல் கூடாது. வெண்புள்ளிக்குப் பிற பொருள் கலவாத கல்லுப்பே முதல் மருந்து. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் நீர் 25 சென்டிமீட்டர் உயரம் நின்றால், அதன் கன அளவு 45,000 கன சென்டிமீட்டர், அதாவது 45 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வீதம் 135 கிராம் உப்பு வேண்டும். அதனை மூன்று பங்காக்கி, ஒரு நாளில் சிறிது சிறிதாகக் கரைத்துவிடலாம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, எனவே குறைந்த நீருக்கு ஈடாகத் தூய நீரையே ஊற்றுக. நீரை மாற்றும்போது மட்டும் மாற்றிய அளவுக்குரிய உப்பைச் சேர்க்கலாம். கெளிறு, அயிரை வகைகள் உப்பைக் குறைவாகவே தாங்கும். கண்ணுக்குப் புலப்படும் மீன்பேனை நனைந்த துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுக்கலாம். ஆயின் அதன் முட்டைகள் கண்ணாடியில் ஒட்டியிருக்குமாதலால் அதையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். பார்மலின் நச்சுடையது; நீரிலுள்ள பிராணவாயுவையும் குறைக்கும்; மாணவர் கையில் அதனைத் தரவே கூடாது. நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கால்நடை மருத்துவர் அல்லது மீன்வள அலுவலரின் ஆலோசனையின்றி இடலாகாது.

இத்தனை எச்சரிக்கை ஒரு கண்ணாடித் தொட்டிக்காகவா என்று கேட்கலாம். 1988-இல் வடகிழக்கு இந்தியாவில் அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்னும் நீர்ப்பூஞ்சை உண்டாக்கும் கொள்ளைப் புண்நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் அது தெற்கே கேரளம்வரை பரவியது. விரால் முதலிய மீன்கள் உடலெங்கும் புண்ணாகி மடிந்தன; புண்பட்ட மீனை வாங்குவாரின்றி உள்நாட்டு மீனவர் வருவாய் இழந்தனர். உயிர்மீன்களை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது இத்தகைய நோய் பரவும் வழிகளுள் ஒன்று. கள ஊழியர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். கோலார் மாவட்டச் சிற்றூர்களில் கொசுப்புழுவை அழிக்கக் கப்பி, கம்பூசியா மீன்கள் கிணறுகளில் விடப்பட்டதுண்டு. ஒரு தொட்டியில் வளர்த்த மீன்களைப் பல கிணறுகளுக்குப் பகிர்ந்தளிக்கும்போது, அத்தொட்டியில் உள்ள நோயையும் சேர்த்தே பகிர்ந்தளிக்க நேரும்.

ஆதலின் தனித்தொட்டியின் நீரை ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றற்க. வெளுப்புத்தூள் இட்டு ஒரு நாள் வைத்துக் கழிவுநீர்க் குழாயில் விடுக. இறந்த மீனைப் புதைத்துவிடுக. ஆசிரியர்கள் இந்நான்கு வாரத்தையும் ஒரு பாடமாக்கலாம்: நீரின் வெப்பம், புள்ளிகளின் எண்ணிக்கை, இட்ட உப்பு, மீன் தின்ற தீனி ஆகியவற்றை மாணவர் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதட்டும். இருபத்தெட்டாம் நாள் மீனைப் பெரிய தொட்டியில் விடலாமா என்பதை, அக்குறிப்பேட்டைப் பார்த்து அவர்களே முடிவு செய்வார்கள்.