தேன் விற்பனைக்குரிய சீசாக்களும் லேபிள்களும்

வந்தவாசி தாலூகாவைச் சேர்ந்த தெள்ளார் வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர் ஒருவர், தமது தோட்டத்தில் நான்கைந்து தேனீப்பெட்டிகள் வைத்திருப்பாராகில், புங்கமும் வேம்பும் பூத்து ஓய்ந்தபின் வீட்டுச் செலவு போக விற்பதற்கும் சிறிது தேன் மிஞ்சும். அதனை அவர் எவ்விதம் விற்கின்றார்? கழுவிய பழைய சர்பத்துப் புட்டியிலோ, மதுப்புட்டியிலோ ஊற்றித் தக்கையடைத்துச் சந்தைக்குக் கொண்டு செல்கின்றார். வாங்குவோர் முகர்ந்து பார்த்து, வெல்லப்பாகோ என ஐயுற்று, பாதி விலைக்குக் கேட்கின்றனர். தேன் நல்லதாயிருந்தும் நஷ்டம் நேர்வது இவ்விடத்திலேயே.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை பலருக்குப் பயிற்சியளித்தார்; அவர் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மார்த்தாண்டத்தில் 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஒருவர் தனித்து நூறு சீசா வாங்குவதைக் காட்டிலும் பலர் சேர்ந்து ஆயிரம் வாங்குவது மலிவு என்பதை அங்குள்ளோர் நன்கறிவர்.

முதற்கண் அளவைப்பற்றிக் கூறுவோம். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமுள்ளது. ஆகவே 500 கிராம் தேனுக்குச் சுமார் 357 மில்லிலிட்டர் இடமே போதும். 250 கிராமுக்கு 180 மில்லிலிட்டர். இதையறியாது அரைலிட்டர் புட்டியை நிரப்பி அரைக்கிலோ விலைக்குக் கொடுப்பவர், சுமார் 200 கிராம் தேனை இனாமாகத் தருகின்றார். ஐந்து புட்டியில் ஒரு கிலோ போய்விடும்! எனவே வெற்றுச் சீசாவைத் தராசிலிட்டு, அதன் எடையைக் கழித்து, நிறுத்தே நிரப்புதல் வேண்டும். குறைத்து நிரப்புவதும் ஆகாது. எடையளவுச் சட்டப்படி அது குற்றம்.

சீசா கண்ணாடியாலானதாயும், அகன்ற வாயுள்ளதாயும் இருத்தல் நலம். மார்கழிக் குளிரில் தேன் உறையுமாயின் கரண்டியால் எடுக்க அகன்ற வாயே உதவும். தேன் புளிப்புத் தன்மையுள்ளது. இரும்பு, துத்தநாகம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைத்தால் உலோகம் கரைந்து நிறமும் சுவையும் கெடும். மூடியின் உட்புறத்திலும் வெறுந்தகடு தேனிற் படாதவாறு பூச்சு இருக்கின்றதா எனப் பார்த்து வாங்குக.

மூடி இறுகப் பொருந்தவேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்பட்டால் உணவுச் சட்டத்தின் அளவைக் கடந்துவிடும். நாளடைவில் புளித்து நுரைத்து மூடியையே தள்ளும். நம் நாட்டுத் தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் மிகுதி. ஆதலின் கண்ணறைகள் மெழுகால் மூடப்பட்ட அடைகளையே எடுத்துப் பிழிந்து, வடிகட்டி, இரண்டு மூன்று நாள் மூடிய பாத்திரத்தில் தெளியவிட்டு, மேலே மிதக்கும் மெழுகுத்துணுக்கையும் நுரையையும் நீக்கியபின் நிரப்புக. வெந்நீரிற் கழுவிய சீசாவை வெயிலிற் கவிழ்த்து உலர்த்துக. உள்ளே ஒரு துளி நீர் தங்கினாலும் தீங்கே.

இனி லேபிள். ஆரணிப் பட்டை வாங்குபவர் விலை கேட்குமுன் கரையையும் சரிகையையும் உற்றுநோக்குவதுபோல, தேன் வாங்குபவர் நிறத்தைப் பார்க்க விரும்புவர். சீசா முழுதும் காகிதத்தால் மறைப்பது ஐயத்தையே வளர்க்கும். லேபிளில் தேன் என்னும் பெயர், நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் விலாசமும், தொகுதி எண், நிரப்பிய தேதி, இன்ன தேதிக்குள் உபயோகிக்கத் தக்கதென்பது, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, முறையீட்டுக்குரிய தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்பு இலாகா வழங்கும் 14 இலக்கப் பதிவெண் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். இப்பதிவு பெறுவதில் எழுதப்படிக்க இடர்ப்படுவோருக்குக் கிராம அதிகாரிகள் துணைபுரிவார்களாக.

எழுதத்தகாதவையும் உள. சமவெளித் தேனை மலைத்தேன் என்பதும், இன்ன நோய் தீரும் என்பதும் தவறு. வேப்பந்தேன் எனக் குறிப்பதாயின் மகரந்தப் பரிசோதனையால் அதனை மெய்ப்பிக்க இயலவேண்டும். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பெயர்பெற்ற தேன்கள் பலவற்றில் சர்க்கரைப்பாகு கலந்திருப்பதாக வெளியிட்டது முதல், வாங்குவோருக்கு லேபிளிலுள்ள வார்த்தையில் நம்பிக்கை குன்றியுள்ளது. விலாசத்துடன் விற்கும் குடியானவருக்கு இது ஒருவகையில் அனுகூலமே.

இரண்டு வாக்கியங்களை மட்டும் அவசியம் சேர்க்கும்படி சொல்லுவோம். ஒன்று: "தேன் உறைவது இயல்பு; சீசாவை இளவெந்நீரில் வைத்தால் இளகும்." உறைந்த தேனைச் சர்க்கரையென்று எண்ணித் திருப்பித் தருவோர் பலர். மற்றொன்று: "ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது." பிறந்த சிசுவின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டாயினும், தேனிற் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும். பெரியோரை அது பாதிப்பதில்லை.

லேபிளை ஒட்டுமுன் சீசாவின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துக. தேன் பிசுக்கின்மேல் பசை பிடிக்காது, எறும்பும் வரும்.