சமையலறையை இடிச்சா படுக்கையறையில ஏன் தூசி?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொன்ன பெருசுங்க, குடியிருந்துக்கிட்டே வீட்டை இடிச்சுப் பார்னும் சேர்த்திருக்கலாம். அமெரிக்காவுல பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவ மக்கா, இது உங்களுக்குத்தான்.

நாங்க இருப்பது 1950களில் கட்டின வீடு. மாடியில் நாங்க மூணு பேர். கீழே சீனியர் அண்ணன், அண்ணி, ஒன்றரை வயசுப் பொண்ணு. போன மாசம் கீழ்வீட்டு சமையலறையைப் புதுசாக்க ஓனர் அனுப்பின ஆள், வந்ததும் பழைய ஜன்னல் சட்டத்துல மெஷினை வெச்சுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டார். "வெறும் தூசிதானே தம்பி, கூட்டி விட்டுடலாம்"னாங்க அண்ணி.

வெறும் தூசி இல்லைங்கறதுதான் விஷயமே. இங்க வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்தைத் தடை பண்ணினது 1978-ல. அதுக்கு முந்தின வீட்டுச் சுவர்ல, அடி அடுக்குல ஈயம் இருக்கலாம். தேய்ச்சா தூளாகித் தரையில உட்காரும். குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில வைக்கும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே குழந்தைகளுக்குக் கிடையாது.

இதுக்காக ஈ.பி.ஏ. போட்ட விதி 2010 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு. ஈயம் இல்லைன்னு சோதிச்சுப் பார்க்காத பழைய வீட்டில், ஒரு அறைக்கு 6 சதுர அடிக்கு மேல பெயிண்டைக் கிளறினா, காசு வாங்கி வேலை செய்யறவருக்குச் சான்றிதழ் வேணும். ஜன்னலை மாத்தினா இந்த அளவுச் சலுகையும் இல்லை. குடியிருப்பவங்களுக்கு முன்கூட்டியே 'ரெனோவேட் ரைட்' கையேடு தரணும். அண்ணன் ஓனருக்கு மெயில் போட்டுச் சான்றிதழ் நகல் கேட்டார். ரெண்டு நாள் வேலை நின்னுச்சு, அப்புறம் வேற ஆள் வந்தார். குழந்தையோட ரத்தப் பரிசோதனையும் நல்லபடியா வந்துச்சு. அண்ணி அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினாங்க.

புது ஆள் செஞ்சதைப் பார்த்துக் கத்துக்கிட்டவை:

1. ஹீட்டர், ஏ.சி. காத்துத் துவாரங்களை மூடி டேப் ஒட்டணும். சமையலறைத் தூசி படுக்கையறைக்குப் போற ராஜபாட்டை அதுதான் :-)

2. வேலை நடக்கும் இடத்துலேர்ந்து 6 அடி தூரத்துக்குத் தரையில பிளாஸ்டிக் விரிப்பு. வாசலுக்கு ரெண்டு ஷீட். ஒண்ணுல நடுவுல கீறல், இன்னொண்ணு அதுமேல திரை மாதிரி.

3. தண்ணி தெளிச்சுத் தேய்க்கணும். ஈரத்தூசி பறக்காது.

4. துடைப்பம் கூடவே கூடாது. சாதா வேக்குவம் நுண்தூசியைப் பின்பக்கமாத் துப்பிடும். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளையே 99.97% பிடிக்கும். அப்புறம் ஈரத்துணி.

5. ஜன்னல்ல ஃபேன் வெச்சுத் தூசியை வெளியே தள்ளறது புது வீட்டு டிரைவால் வேலைக்கு சரி. ஈயச் சந்தேகம் இருந்தா ஜன்னலை மூடித்தான் வைக்கணும்.

டிஸ்கி: நம்மூர்ல பெயிண்ட் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு அமலுக்கு வந்தது 2017 நவம்பர்லதான். பொங்கலுக்குப் பழைய கதவு, ஜன்னல் கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறப்போ வாண்டுகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லுங்க.