மெழுகை விமான எரிபொருளாக்கும் வினையூக்கி

கோழி பொரித்து மிஞ்சிய எண்ணெயில் விமானம் பறக்குமா? பறக்கும். அதற்கான ஆலை ஒன்று ஜொகூரின் பெங்கெராங்கில் கட்டப்பட்டு வருகிறது. பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்லினா ஆகிய மூன்று நிறுவனங்களும் 2024 ஜூலையில் இதற்கான இறுதி முதலீட்டு முடிவை எடுத்தன. 2028-இன் இரண்டாம் பாதிக்குள் இயங்கத் தொடங்க வேண்டிய இந்த ஆலை, ஆண்டுக்கு 650,000 டன் வரை பயன்படுத்திய எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றைச் சுத்திகரிக்கும்.

எப்படி?

சமையல் எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் மூன்று நீண்ட கார்பன் சங்கிலிகள் இருக்கின்றன. கூடவே எரிபொருளுக்கு வேண்டாத ஆக்சிஜனும் இருக்கிறது. வடிகட்டிய எண்ணெயை ஹைட்ரஜனுடன் சேர்த்து, மிகுந்த அழுத்தத்தில், 300 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மீது செலுத்துவார்கள். ஆக்சிஜன் பெரும்பாலும் நீராகப் பிரிந்துவிடும். 15 முதல் 18 கார்பன் கொண்ட நேரான சங்கிலிகள் மிஞ்சும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 18 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி 28 டிகிரியிலேயே உறைந்துவிடும். பெங்கெராங்கின் மதிய வெயிலில் அது எண்ணெய்; குளிரூட்டிய அறைக்குள் வெறும் மெழுகு. ஜெட் ஏ-1 எரிபொருளோ பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி வரை உறையவே கூடாது.

நேர்ச்சங்கிலிகள் பெட்டிக்குள் அடுக்கிய தீக்குச்சிகள்போல நெருங்கிப் படுத்துக்கொள்வதால்தான் எளிதில் உறைகின்றன. அவற்றில் கிளைகள் முளைத்தால் நெருங்க முடியாது. அந்த வேலை இரண்டாவது வினையூக்கிக்கு. நுண்துளைகள் கொண்ட அமிலத்தன்மையுள்ள திடப்பொருளின் மீது பிளாட்டினத் துகள்கள். பிளாட்டினம் ஹைட்ரஜனைக் கழற்றும். அமிலம் சங்கிலியை வளைத்துக் கிளை விடச் செய்யும், சிலவற்றை வெட்டும். பிளாட்டினம் மீண்டும் ஹைட்ரஜனைப் பூட்டும். வெட்டு அதிகமானால் வாயுவும் நாப்தாவும், குறைந்தால் டீசலும்தான் மிஞ்சும். வினையூக்கி வேகத்தைக் கூட்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆலைக்கு அதைவிட முக்கியம், எந்தப் பொருள் கிடைக்கிறது என்பதே.

சரவாக்கின் பிந்துலுவில் ஷெல் நிறுவனம் 1993 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்து செயற்கை மெழுகு உண்டாக்கி, அதை இதே பாணியில் உடைத்து எரிபொருளாக்கி வருகிறது. இந்த வேதியியல் நமக்குப் புதிதல்ல.

இன்னும் தீராத ஒன்று உண்டு. இந்த எரிபொருளில் அரோமேட்டிக் சேர்மங்கள் அநேகமாக இல்லை. பழைய விமானங்களின் ரப்பர் வளையங்கள் அவற்றால்தான் உப்பிக் கசிவைத் தடுக்கின்றன. எனவே இப்போதைய தரவிதி, வழக்கமான எரிபொருளுடன் 50 விழுக்காடு வரைதான் இதைக் கலக்க அனுமதிக்கிறது. அரோமேட்டிக்குகளையும் சேர்த்தே உண்டாக்கும் வினையூக்கிகளை ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.