கிருமி உள்ளே இருக்கு... நோய் வருமா? ரத்தம் சொல்லும் முன்னறிவிப்பு!

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: ‘நமக்கும் வந்துவிடுமா? பிள்ளைகளுக்கு?’

உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால், அவர்களில் 5 முதல் 10 சதவிகிதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களிடம் எதிர்ப்பு சக்தி கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது.

அந்த 5, 10 பேர் யார்? கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையும், ‘இக்ரா’ ரத்தப் பரிசோதனையும் கிருமி தொற்றியிருக்கிறதா என்பதைத்தான் காட்டும். அது நோயாக மாறுமா என்று சொல்லாது.

அந்தப் பதிலைத்தான் ரத்தத்தில் உள்ள புரதங்களில் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள். தென்னாப்பிரிக்காவில் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 6,000-க்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து, ரத்த மாதிரிகளைச் சேமித்து, தொடர்ந்து கண்காணித்தார்கள். பிறகு, நோய் வந்தவர்களின் பழைய மாதிரிகளை, நோய் வராதவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே சில புரதங்களின் அளவு மாறியிருந்தது!

காரணம் எளிது. அடங்கிக் கிடந்த கிருமி பெருகத் தொடங்கியதும், எதிர்ப்பு சக்தி போருக்குத் தயாராகிறது. அந்தப் பரபரப்பு ரத்தத்தில் தெரிகிறது. 2019-ல் வெளியான ஆய்வில், ஐந்து புரதங்கள் கொண்ட ஒரு தொகுப்பும், மூன்று புரதங்கள் கொண்ட மற்றொன்றும் அடையாளம் காணப்பட்டன.

இது ஜாதகம் அல்ல. பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் நோயை இது சொல்லாது. வேறு தொற்றுகளாலும் இத்தகைய புரதங்கள் மாறலாம் என்பதால், துல்லியம் இன்னும் கூடவேண்டும். ஆகவே, இப்போதைக்கு லேபில் போய்க் கேட்டால் கிடைக்காது.

கிடைக்கும் நாளில் லாபம் பெரிது. தடுப்பு மருந்தை வாரம் ஒருமுறையாக 3 மாதங்களோ, தினமும் 6 மாதங்களோ எடுக்கவேண்டும். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வரலாம். உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு மட்டும் அதைக் கொடுக்க முடியும்.

அதுவரை காத்திருக்கவேண்டாம். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், குழந்தைகள் உட்பட எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால், தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு வாரங்களைத் தாண்டிய இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடைக்குறைவு... இவை உடல் இன்றே தரும் எச்சரிக்கைகள். அலட்சியம் வேண்டாம்!